கரண்டு வருதாம்ல, அப்ப நீயே வந்து ஸ்டார்ட் பண்ணு

பழைய அவுட்போர்டு மோட்டார் (படகுக்குப் பின்னாடி மாட்டுற எஞ்சின்) வச்சிருக்கிறவங்க கிட்ட மட்டும் சொல்றேன், மத்தவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியாது. ஸ்பார்க் பிளக்க கழட்டி, வயர மாட்டி, எஞ்சின் பாடில எர்த் படுற மாதிரி புடிச்சுக்கிட்டு கயித்த இழுத்தா மஞ்சக் கலர்ல நோஞ்சானா ஒரு பொறி வரும் பாருங்க, அத பாத்த உடனே பக்கத்துல நிக்கிற அத்தனை பேரும் "கரண்டுதான் வருதே, கார்புரேட்டர பிரிங்க"ங்கிறான். ஏன்யா, எதுக்கெடுத்தாலும் கார்புரேட்டரா? அது என்ன பாவம் பண்ணிச்சு?

கரண்டு வர்றது வேற, பத்த வைக்கிற அளவுக்கு வர்றது வேற. வெளிய காத்துல பிளக் நுனியில இருக்கிற துளியூண்டு கேப்ப தாண்ட கம்மி வோல்டேஜ் போதும். அதே பிளக் சிலிண்டருக்குள்ள போனா பிஸ்டன் மேல வந்து அமுக்குது, பிரஷர் ஏறுது, அதே கேப்ப தாண்ட பல மடங்கு வோல்டேஜ் கேக்குது. வெளிய வந்த மஞ்சப் பொறி உள்ள போய் செத்துப்போகும். இத சொன்னா "அதெல்லாம் புக்குல இருக்கிறது சார்"னு ஒரு சிரிப்பு வேற. கேப் வச்சு பாக்கிற டெஸ்டர் ஒண்ணு இருக்கு, பெரிய விலையெல்லாம் இல்ல, பாயிண்ட் (தொட்டு விலகி கரண்ட வெட்டுற சின்ன சுவிட்ச்) வச்ச பழைய மேக்னெட்டோன்னா (காந்தம் சுத்துறதுல கரண்டு உண்டாக்குற சாமான்) சுமாரா கால் இன்ச், அதாவது 6 மில்லிமீட்டர் கேப்ப நீலமா டப்பு டப்புனு சத்தத்தோட தாண்டணும். அப்பதான் அது கரண்டு. சிடிஐ (பாயிண்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் பெட்டி வச்ச வகை) மோட்டார்னா இன்னும் அதிக கேப்ப தாண்டணும், அது தனிக் கதை, அதுல சாதா மல்டிமீட்டர வச்சு ஏசி வோல்ட் பாத்து தீர்ப்பு சொல்றவங்க தனி ரகம், பீக் வோல்டேஜ் காட்டுற அடாப்டர் இல்லாம அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது.

இன்னொரு கூத்து. என்னோடது ரெண்டு சிலிண்டர், ரெண்டு பிளக்கையும் கழட்டிட்டு கயித்த இழுத்தா கம்ப்ரெஷன் இல்லாம எஞ்சின் சும்மா பறக்கும், மேக்னெட் வேகமா சுத்தும், பொறியும் நல்லாத்தான் தெரியும். பிளக்க போட்டு இழுத்தா கை கனக்கும், வேகம் குறையும், வோல்டேஜ் படுத்துரும். மேக்னெட்டோங்கிறது சுத்துற வேகத்துக்குத்தான் கரண்டு குடுக்கும், அதுக்குன்னு பேட்டரி எதுவும் ஒளிச்சு வைக்கல. இது தெரியாம "பாத்தீங்களா, சூப்பரா வருது"ன்னு பிளக் மாத்துனதுக்கு காசு வாங்கிட்டு போயாச்சு நம்ம மெக்கானிக்.

சரின்னு நானே பாக்கலாம்னு உக்காந்தா, இந்த பாயிண்ட், கண்டென்சர் (பாயிண்ட் நுனி பொறி பட்டு கருகாம காக்கிற சின்ன டப்பா), காயில் (வோல்டேஜ ஏத்துற கம்பிச் சுத்து) எல்லாத்தையும் கொண்டுபோய் பிளைவீலுக்கு (மேல சுத்துற காந்தம் வச்ச சக்கரம்) அடியில வச்சிருக்கான். பாயிண்ட் திறக்கிற அர மில்லிமீட்டர் கேப் (நிறைய பழைய மாடல்ல 0.020 இன்ச்) சரியா இருக்கான்னு முழுசா பாக்க அத்தாம்பெரிய சக்கரத்த தூக்கணும். அதுக்கு மூணு போல்ட் மாட்டி இழுக்கிற புல்லர் இருக்கு. ஆனா எனக்கு முன்னாடி கை வச்ச எந்த மகராசனோ ரெண்டு பக்கமும் ஸ்க்ரூடிரைவர குடுத்து நெம்பி, மேல சுத்தியலால போட்டிருக்கான், கிராங்க் நுனியில மரையே காளான் மாதிரி விரிஞ்சு கிடக்கு, நட்டு கழட்டுறதுக்குள்ள உசுரு போச்சு. அந்த அடி கிராங்குக்கும் பேரிங்குக்கும் போகும், பிளைவீல்ல இருக்கிற மேக்னெட் விரிசல் விடலாம், இதெல்லாம் யார் யோசிக்கிறா.

உள்ள பாத்தா பாயிண்ட் முகத்துல சாம்பல் கலர்ல ஒரு படலம், ஓரத்துல எண்ணெப் பிசுக்கு, கண்டென்சர் வயர் நுனி பச்சை பூத்துப் போய் கிடக்கு. மேல் சிலிண்டர் காயில் தோல் பாளம் பாளமா வெடிச்சு உள்ள இருக்கிற சுத்தே எட்டிப் பாக்குது. இத வச்சுக்கிட்டு பிளக் மாத்தினாராம், பிளக்கு! உப்புத்தாள் போட்டு பாயிண்ட்ட தேச்ச கோடு கோடா அடையாளம் வேற, அந்தத் துகள் அங்கயே ஒட்டிக்கிட்டு நிக்குது. நைஸ் அரத்துல லேசா ஒரு இழு இழுத்து, ஆல்கஹால்ல துடைச்சு, வெள்ளப் பேப்பர நடுவுல விட்டு கறுப்பு வராதவரைக்கும் உருவினா முடிஞ்சுது. புதுப் பாயிண்ட் வாங்கிப் போட்டாலும் இதையே செய்யணும், பேக்கிங்ல இருந்து வர்ற எண்ணெ பூச்சு இருக்கும், ஃபீலர் கேஜ்ல (கேப் அளக்கிற மெல்லிசு தகடு) இருக்கிற எண்ணெயும் ஒட்டும், அந்தப் படலமே போதும் கரண்ட நிறுத்த. "புதுசு போட்டும் வரல சார், மோட்டார் முடிஞ்சுது"ன்னு எத்தன மோட்டார காயலான் கடைக்கு அனுப்பிருப்பானுங்களோ.

கொஞ்சமாச்சும் யோசிச்சா வழி அதுலயே இருக்கு. இந்த மாதிரி ரெண்டு சிலிண்டர்ல ஒவ்வொண்ணுக்கும் தனி காயில், தனி பாயிண்ட், தனி கண்டென்சர். ஒரு பக்கம் மட்டும் சோப்பளாங்கியா இருந்தா அந்தப் பக்க சாமான்தான். கண்டென்சர இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மாத்திப் போட்டா நோயும் கூடவே போகுதான்னு தெரிஞ்சுரும், காசே வேணாம். ரெண்டு பக்கமும் ஒண்ணா படுத்தா பொதுவா இருக்கிறத பாக்கணும்: பாயிண்ட், காயில் எல்லாம் உக்காந்திருக்கிற பிளேட்டோட எர்த், ஸ்டாப் சுவிட்ச் வயர், இழுக்கிற வேகம். ஸ்டாப் வயர கழட்டிட்டு ஒரு இழு இழுத்துப் பாக்க எவ்ளோ நேரம் ஆகும்? உப்புத் தண்ணி ஏறி அந்த வயர் அரைகுறையா எர்த் ஆச்சுன்னா கரண்டு பாதி அதுலயே போயிரும். எவனும் பாக்கல.

பிளக் வயர் வேற. யாரோ புண்ணியவான் கார்பன் கோர் கார் வயர வெட்டி மாட்டிருக்கான். இதுக்கு செம்புக் கம்பி கோர் வேணும்யா. பிளக் மூடிக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் துரு புடிச்சு தொட்டா உதிருது.

"மீட்டர்ல காயில் ஓகே காட்டுது"ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. மீட்டர் தர்றது சின்ன பேட்டரி கரண்டு, காயில் வேலை செய்றது ஆயிரக்கணக்கான வோல்ட்ல. வெடிச்ச காயில் ஆறிக் கிடக்கும்போது ஓம்ஸ் சரியாத்தான் காட்டும், சூடாகி நடுத் தண்ணியில கைய விரிக்கும், அரை மணி நேரம் ஆறினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கரைக்கு கொண்டுவந்து காட்டினா நம்மள பைத்தியக்காரன் மாதிரி பாப்பாங்க. கண்டென்சரும் இதே கதைதான்.

காயில் ரெண்டும் ஆர்டர் போட்டாச்சு. வர்ற வரைக்கும் பிளைவீல் கழட்டினபடியே கிடக்கட்டும். உதவுறேன்னு எவனும் பக்கத்துல வராதீங்க, முக்கியமா அந்த சுத்தியல் பார்ட்டி.