0.25 சதவீதமும் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெயும்

2025 அக்டோபர் மாதத்தின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்றும், அப்போதைய கணக்கு வரிசை தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு தாழ்ந்ததே இல்லை என்றும் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்த மாலையில், நான் எங்கள் குமரி மாவட்டத்துப் பலசரக்குக் கடையின் பற்றுப் புத்தகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 410 ரூபாய் என்று எழுதியிருந்தது. என் பழைய நோட்டைப் புரட்டினால், 2023 அக்டோபரில் அதே கடையில் அதே எண்ணெயை 175 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த எண் யாருடைய அடுக்களையை அளந்தது என்பதுதான் என் கேள்வி.

பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளில்லை. ஏறும் வேகம் குறைந்தது என்றே பொருள். அந்த வேகத்தையும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டே சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் காய்கறி விலை ஏறிப் பணவீக்கம் 6 சதவீதத்தைத் தாண்டியிருந்ததால், ஓராண்டு கழித்து அதே காய்கறிகள் மலிந்தபோது எண் மளமளவென்று சரிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பும் சிறிது உதவியது. தக்காளியும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நாடு முழுவதும் மலிந்தது உண்மைதான். ஆனால் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீனும் தேங்காயும் வைத்துச் சமைக்கும் ஒரு வீட்டுக்கு அந்த மலிவு எவ்வளவு தூரம் வந்து சேரும்?

அதே அக்டோபரில் கேரளத்தின் பணவீக்கம் 8.56 சதவீதம், அதற்கு முந்தைய மாதம் 9 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. நாட்டின் வேறெந்தப் பெரிய மாநிலமும் அதன் அருகில்கூட இல்லை. தேங்காய் எண்ணெயும் தங்கமும் அந்த உயர்வுக்குப் பெரும் காரணங்கள் என்று பொருளியலாளர்கள் எழுதினார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்குச் சங்கதி பிடிபட்டது. எங்கள் குமரி மாவட்டமான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து (பின்னாளில் கேரளம்) பிரிந்து, அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு இணைந்தன. ஆனால் எங்கள் அடுப்பு அன்றைக்கு எந்த எல்லையையும் தாண்டவில்லை. அவியலும் புட்டும் மீன்குழம்பும் இன்றும் தேங்காயையும் தேங்காய் எண்ணெயையும் நம்பியே இருக்கின்றன. பொருளை வாங்குவது கேரளத்து வீடுகளைப் போல. பணவீக்கம் எண்ணப்படுவதோ சென்னையோடும் கோவையோடும் சேர்த்து. குமரி மாவட்டத்தின் விலைவாசியை அந்தச் சராசரியில் தேடினால் கிடைக்காது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

‘நீங்கள்தான் தென்னை வைத்திருக்கிறீர்களே, விலை ஏறினால் லாபம்தானே’ என்று வெளியூரில் இருக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டைச் சுற்றிப் பத்துத் தென்னைகள் நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் வெட்டியபோது கிடைத்தது 34 காய். சமையலுக்கென்று பன்னிரண்டை எடுத்து வைத்தது போக, மீதி இருபத்திரண்டு காய் பத்துக் கிலோ எடை வந்தது. கிலோ 64 ரூபாய் வீதம் 640 ரூபாய். மரம் ஏறியவருக்கு மரத்துக்கு 60 ரூபாய் வீதம் 600 ரூபாய் கொடுத்தேன். கையில் மிஞ்சியது நாற்பது ரூபாய். (எடுத்து வைத்த பன்னிரண்டு காயைக் கடையில் வாங்கியிருந்தால் முன்னூறு ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும் என்று என் கணவர் வாதாடுகிறார், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.) சுருள் வெள்ளை ஈ வந்த பிறகு ஓலையெல்லாம் கறுத்து, காய்ப்பு பாதியாகிவிட்டது. வேர்வாடல் நோயும் கடும் வெயிலும் தென்னிந்தியாவில் பல இடங்களில் விளைச்சலைத் தின்றன. இளநீருக்கு வெட்டுவதும் கூடியது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் உற்பத்தி குறைந்தது. காய் இல்லாததால்தான் விலை ஏறியது என்னும்போது, காய் இல்லாத மரத்தை வைத்திருப்பவருக்கு அதில் என்ன லாபம்? எண்ணெய் ஆட்டும் காய்ந்த தேங்காயான கொப்பரை 2023இல் அரசு அறிவித்த ஆதரவு விலைக்கும் கீழே போய், விவசாயிகள் தேங்காயைத் தெருவில் உடைத்துப் போராடியதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ரேஷன் கடையில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்ற அவர்களுடைய கோரிக்கையை நிறைவேற்ற அதுவே ஏற்ற காலமாக இருந்தது என்பது என் கருத்து.

இப்போது ரேஷனில் கிடைப்பது பாமாயில். லிட்டர் 25 ரூபாய். பல ஆண்டுகளாக விலை மாறவில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். இந்த உதவியை நான் குறைத்துப் பேசமாட்டேன். எங்கள் வீட்டில் பொரிப்பதும் வறுப்பதும் முழுவதும் பாமாயிலுக்கு மாறிவிட்டன. தேங்காய் எண்ணெய் மாதம் மூன்று லிட்டரிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. அவியலை இறக்கும்போது மேலே ஊற்றும் எண்ணெய்க்கு மட்டும் மாற்று இல்லை. ஒரு முறை அதிலும் பாமாயிலை ஊற்றிப் பார்த்தேன். என் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, “நான் போன பொறவு எதுல வேணும்னாலும் வச்சுக்க மக்ளே” என்று இலையை மூடிவிட்டார். சாதாரண எண்ணெயைவிட நூறு ரூபாய் குறைத்து, பெயர் தெரியாத பாக்கெட்டில் ‘சுத்தமான தேங்காய் எண்ணெய்’ என்று வருவதையும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் லேசாகவாவது உறைய வேண்டும்; அது தண்ணீர்போல நின்றது.

சிக்கனம் பற்றி அறிவுரை சொல்லும் காணொளிகள் எல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குபவரை மனத்தில் வைத்தே பேசுகின்றன. இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்கு ஒன்றாம் தேதி என்ற ஒன்று உண்டு? ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கியவுடன் ரப்பரில் பால்வெட்டு நின்றுபோகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. ஆகவே ஜூன் முதல் இரண்டு வாரங்களில் எங்கள் மாவட்டத்தின் கிழக்குக் கரையில் உள்ள சின்னமுட்டத்திலும் மேற்குக் கரையில் உள்ள குளச்சலிலும் ஒரே நேரத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. மீன் விலை ஏறுவதும், வெட்டுத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் வருமானம் நிற்பதும், பள்ளிக் கட்டணம் கட்டவேண்டியதும் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. விலை ஏற்றத்தைக்கூட ஒருவாறு சமாளிக்கலாம்; பணம் எந்த வாரம் வரும் என்று தெரியாமல் செலவைத் திட்டமிடுவதுதான் ஆளை உலுக்குகிறது.

அந்த இடைவெளியை இங்கே நிரப்புவது நகைப் பணயம். தங்கத்தின் விலை ஏறியதால் அதே வளையலுக்குக் கூடுதல் பணம் கிடைக்கிறது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதியைத் தளர்த்தியது. முன்பு அது 75 சதவீதம். ஏழைக்கு நல்லது என்று பலரும் வரவேற்றார்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. 2024இல் பலசரக்குக் கடைப் பற்றையும் மின்கட்டணத்தையும் அடைக்க இரண்டு பவுன் வளையலைப் பணயம் வைத்தேன். அடுத்த மாதமும் அதே பற்று, அதே மின்கட்டணம். வளையலை இன்னும் திருப்பவில்லை. வட்டியைக் கட்டிப் புதுக்கி வைத்துக்கொண்டே இருக்கிறேன். கல்லூரிக் கட்டணம்போல ஒரு முறை கட்டினால் தீரும் செலவுக்கு நகையை வைக்கலாம். சோற்றுச் செலவுக்கு வைக்கக்கூடாது என்று அதன் பிறகுதான் முடிவெடுத்தேன். அந்த வழி அடைபட்டதும் என் கை முதலில் போனது என் தட்டுக்குத்தான். மீன் வாங்கும் நாளில் துண்டு எனக்குக் குறையும், குழம்பு மட்டும் வரும். என் அம்மாவும் இதையே செய்தார். இதைச் சிக்கனம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது நோட்டில் ஒரு பக்கத்தில் விலையையும், எதிர்ப்பக்கத்தில் யாருக்கு என்ன குறைந்தது என்பதையும் எழுதுகிறேன். சென்ற மாதப் பக்கத்தில் என் பெயர் ஒன்பது முறை வந்திருந்தது, கணவர் பெயர் இரண்டு முறை. நோட்டை அவரிடம் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் வாசித்தார். அன்றைக்கு இரவு நடுத்துண்டு என் தட்டில் இருந்தது.