அது பொருத்துற கிட்னி இல்லைங்க

லேப்ல கிட்னித் திசு வளர்க்குறதைக் கிண்டலடிச்சு நேத்து ஒருத்தர் போட்ட பதிவுக்குக் கீழ நடந்த கூத்தைப் பார்த்தவங்களுக்கு எதைச் சொல்றேன்னு தெரியும். பார்க்காதவங்க புண்ணியம் பண்ணினவங்க. "லேப்ல கிட்னி வளர்க்குறானாம், நாளைக்கு ஜோடி வாங்கினா ஒண்ணு இலவசம்னு விப்பான்"னு அவர் போட, முந்நூறு பேர் சிரிச்சு வெச்சிருக்காங்க. பொறுமையா விளக்கப் போன எனக்கு 'மருந்துக் கம்பெனி கைக்கூலி'ன்னு பட்டம். கூலிதான் இன்னும் வரல.

திரும்பவும் சொல்றேன். லேப்ல வளர்க்குற அந்தத் திசு பொருத்துறதுக்கு இல்ல, மருந்து கிட்னியைக் கெடுக்குமான்னு பார்க்குறதுக்கு. தோல்லயோ ரத்தத்துலயோ எடுத்த செல்லை, எந்த உறுப்போட செல்லாவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லா மாத்தி, சில வாரம் வளர்த்தா சில மில்லிமீட்டர்ல ஒரு திசு வரும். 2015ல ஆஸ்திரேலியாவுல மெலிசா லிட்டில்ங்கிற விஞ்ஞானியோட குழு அப்படி வளர்த்ததுல சிஸ்பிளாட்டின்ங்கிற புற்றுநோய் மருந்தை விட்டுப் பார்த்தாங்க. நிஜக் கிட்னியில அந்த மருந்து எந்த நுண்குழாய்ச் செல்லை அடிக்குமோ, அங்கேயும் அதுதான் செத்துச்சு.

சிஸ்பிளாட்டின் எனக்குப் படிச்சுத் தெரிஞ்ச பேர் இல்ல. அம்மாவுக்கு ஏத்தின மருந்து. அதுக்கு முன்னாடி சலைன், பின்னாடி சலைன், கட்டிலுக்கடியில கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி. சிறுநீர் எத்தனை மில்லி போச்சுன்னு தினசரி காலண்டர் தாள் பின்னாடி எழுதி வெப்பேன். மூணாவது சைக்கிளுக்கு முன்னாடி கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, ரத்தத்துல அளப்பாங்க) 0.8லேருந்து 2.1. அது ஏறிக் காட்டுறதுக்குள்ள கிட்னி பாதித் திறனை இழந்திருக்கும்னு அப்புறம்தான் தெரியும். "தண்ணி நிறைய குடுத்திருக்கணும்"னாங்க. குடுத்தேங்க. கணக்கு இன்னும் என்கிட்ட இருக்கு.

'அதான் தெரிஞ்ச விஷயமாச்சே, திசு வளர்த்து என்ன புதுசா?' அடுத்து வர்ற மருந்துக்குங்க! யார் கிட்னி தாங்கும், யாரோடது படுத்துடும்னு அவங்கவங்க செல்லுலயே பார்க்குற நாளும் வரலாம்.

'அதுல ரத்த ஓட்டம் இல்ல, கருவுல இருக்குற கிட்னி அளவுக்குத்தான் முதிருது'ன்னு ஒருத்தர் மட்டும் உருப்படியா கேட்டார். உண்மைதான். 'மருந்தைச் சோதிக்க எலி இருக்கே?' இருக்கு. ஆனா மருந்தைச் செல்லுக்குள்ள இழுக்குற புரதங்கள் எலிக்கு வேற, நமக்கு வேற. 2023 மார்ச்ல நம்ம அரசாங்கமே மருந்துச் சோதனை விதியைத் திருத்தி, இப்படி மனுஷச் செல்லுல வளர்த்த திசுவுல சோதிக்குற முறைகளைச் சேர்த்தாச்சு. அதுவும் கைக்கூலியா?

அப்புறம் அந்தக் கஷாயக் கோஷ்டி. இயற்கைன்னா கிட்னியை ஒண்ணும் பண்ணாதாம். 1990கள்ல பிரஸ்ஸல்ஸ்ல உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையா கிட்னி போச்சு. காரணம், அந்த மூலிகையில இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம்ங்கிற நஞ்சு. நம்ம ஆடுதீண்டாப்பாளையும் அந்தச் செடி இனம்தான். ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு.

எனக்குக் கோவம் பதிவு போட்டவர் மேல கூட இல்ல. அந்த முந்நூறு சிரிப்புல ஒண்ணு என் சித்தப்பா பையனோடது. ராத்திரி முழிச்சிருந்து அந்த ஜாடியைக் கொண்டுபோய்க் கொட்டினவன். "கை பட்டுடுச்சுண்ணே"ன்னு காலையில மெசேஜ். இன்னும் பதில் போடல.