கழுத்தைப் பார்த்துப் பேசுபவர்கள்

திரைப்பட விழா வரவேற்பு விருந்துகளில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை; கழுத்தில் தொங்கும் அட்டையைத்தான் பார்க்கிறார்கள். தயாரிப்பாளர் என்றிருந்தால் வாயெல்லாம் பல். வெறும் பார்வையாளர் என்றால், "அப்படியா, நல்லது" என்று சொல்லும்போதே கண் நம் தோளுக்கு மேலே வேறு யாரையோ தேடும்.

பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் பத்திரிகையாளர் அட்டைக்கே வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள் என்று அந்தஸ்து உண்டு. கடைசிப் படி மஞ்சள். அங்கேயாவது வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள். இங்கே ஒருவர், பல்குச்சியில் குத்திய பன்னீர்த் துண்டை மென்றுகொண்டே என் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, அப்படியே நகர்ந்துவிட்டார்.

சரி, போகட்டும். காலையில் திரையிட்ட படத்தைப் பற்றியாவது பேசுவார்களா? ஓடிடி உரிமை எவ்வளவுக்குப் போச்சு என்பதே பேச்சு. அரங்குப் பக்கமே எட்டிப் பார்க்காமல், அந்தப் புது இயக்குநரின் கையைக் குலுக்கி "பிரமாதம் சார்" என்றவர்களை என்னவென்று சொல்ல!