ரெடி டு ஈட்டாம், ரெடி!

சமையலறையை இடித்துப் போட்டாயிற்று. கிரானைட் வந்தால்தான் சிங்க், சிங்க் வந்தால்தான் பிளம்பர், பிளம்பர் முடித்தால்தான் டைல்ஸ். மேஸ்திரியைக் கேட்டால் "திங்கக்கிழமை சார்" என்கிறார். எந்தத் திங்கட்கிழமை என்று மட்டும் வாயைத் திறப்பதில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். வீட்டில் வேலை வைத்தவன் படுகிற பாடுதான். என் வயிற்றெரிச்சல் எல்லாம் இந்த 'ரெடி டு ஈட்' பாக்கெட்டுகள் மேல்தான்.

முன்பக்கம் 'சாப்பிடத் தயார்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில், 'பையைத் திறக்காமல் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வைக்கவும்.' எங்கே வைப்பது, என் தலையிலா? அடுப்பு இருந்தால் உன் சாம்பார் சாதத்தை நான் ஏன்யா வாங்குகிறேன்?

சரி, கெட்டில் இருக்கிறதே என்று அதில் இறக்கினால், கொதி வந்ததும் 'டக்'கென்று அணைந்துவிடுகிறது. ஆவி பட்டால் அணைகிற சுவிட்ச். மூடியைத் திறந்து வைத்தால் அணையாது, ஆனால் மேஜையெல்லாம் வெந்நீர். அத்தனையும் செய்து பிரித்தால் ஓரம் சுடுகிறது, நடுவில் சில்லிட்டுக் கிடக்கிறது. அப்படியே தின்றாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. பைக்குள் அடைத்து 121 டிகிரி வாக்கில் சூடாக்கிக் கிருமியெல்லாம் கொன்றுதான் அனுப்புகிறார்கள். ஆனால் உறைந்த நெய் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் அப்பிக்கொள்கிறதே, அதற்கு என்ன செய்ய?

"இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கேன்" என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். வாங்கியாச்சு சாமி! 2000 வாட், தடித்த 16 ஆம்ப் பிளக். சமையலறை ஒயரிங்கைத்தான் பிடுங்கிவிட்டார்களே. ஹாலில் இருப்பதெல்லாம் 6 ஆம்ப் சாக்கெட், நுழையவே நுழையாது. ஏசி பாயிண்ட் இருக்குமே என்பீர்கள். இருக்கிறது, பரண் உயரத்தில். ஏணியில் நின்று ரசம் வைக்கட்டுமா?

மிச்சம் இருப்பது கப் நூடுல்ஸ். வெந்நீர் ஊற்றினால் போதும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்பு! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் வாங்குகிற கப் ஒன்றே அதில் பாதியை முழுங்கிவிடுகிறது. தங்கைக்கு போன் போட்டால், "அந்தச் சாறைக் குடிக்காதேண்ணா, கொட்டிடு" என்கிறாள். எங்கே கொட்டுவது? சிங்க்தான் இல்லையே! பாத்ரூமில் கொட்டினால், போகிற தண்ணீரோடு போகாமல் நாலு இழை வடிகால் ஜாலியில் சிக்கிக்கொள்ளும். கிரானைட் தூசி படிந்த தரையில் குந்தி உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாக விரலால் பிடுங்குகிறேன். பக்கத்தில் கிடக்கிற காலிக் கப்பில் ஒரு பொடியன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான்.

வாயில் நல்லா வருது எனக்கு.