தேர்வுப் பட்டியலில் பெயர் வராத அன்று

பள்ளி அணிக்கான தேர்வில் பெயர் வராமல் வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் முதலில் சொல்வது பெரும்பாலும் "விடு, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பதுதான். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் பதினான்கு, பதினைந்து வயதில் அது பெரிய விஷயம். அதை நாம் சிறிதாக்கிப் பேசினால் அந்தப் பிள்ளையின் வருத்தம் குறையாது. நம்மிடம் மனம்விட்டுப் பேசுவது மட்டும் குறைந்துபோகும்.

அன்றைக்கு அறிவுரை வேண்டாம், அடுத்த திட்டமும் வேண்டாம். "ரொம்ப ஆசைப்பட்டாய், கிடைக்கவில்லை, வலிக்கத்தான் செய்யும்" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அழுதால் அழட்டும். கதவைச் சாத்திக்கொண்டால் சிறிது நேரம் சாத்தியே இருக்கட்டும்.

என் அக்கா மகள் கைப்பந்து ஆடுபவள். அவள் பெயர் விடுபட்ட மறுநாளே, தேர்வான தோழிகள் அணிக்கென்று தனி வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்கள். அதுவரை நாள் முழுக்க அரட்டை ஓடிய பழைய குழுவில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அலைபேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் அமர்ந்தபோது அவள் பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை, ஆட்டத்தைப் பற்றியும் பேசவில்லை. "சித்தி, பள்ளி விட்டதும் இனிமேல் நான் எங்கே போவது?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். அணியில் இடம் போகும்போது மாலை நேரம் போகிறது, சேர்ந்து நடக்கும் தோழிகள் போகிறார்கள், "நான் கைப்பந்து ஆடுகிறவள்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமையும் போகிறது. இத்தனையும் ஒரே நாளில். இதற்கு "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது எப்படிப் பதிலாகும்?

இந்த இடத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் கதையைச் சொல்லாத பெரியவர்கள் குறைவு. பள்ளி அணியிலிருந்து துரத்தப்பட்டார், உலகையே வென்றார் என்று. நடந்தது சற்று வேறு. 1978இல், வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் லேனி உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை. அவரைவிட நல்ல உயரமான சக மாணவர் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். ஜோர்டானை இளையோர் அணியில் சேர்த்தார்கள். அங்கே அவர் தொடர்ந்து ஆடினார், பிறகு உயரமும் கூடியது, முதன்மை அணிக்குப் போனார். வைராக்கியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆடிக்கொண்டே இருக்க அவருக்கு ஓர் இடம் இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு அந்த இடத்தைத் தேடித் தராமல் கதையை மட்டும் சொல்லி என்ன பயன்?

சில நாள் கழித்து, பிள்ளையே பேச்சை எடுக்கும்போது, ஓர் உண்மையைச் சொல்லலாம். உடல் வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பெண்களுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண்களுக்குப் பதினான்கு வயதை ஒட்டியும் உயரம் வேகமாகக் கூடுகிறது. ஆனால் சராசரியைவிட ஓரிரு ஆண்டுகள் முந்துகிறவர்களும் உண்டு, பிந்துகிறவர்களும் உண்டு. ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் குழந்தை முகம் மாறாதவனும் அடுத்தடுத்து நின்று தேர்வுக்கு ஓடுகிறார்கள். பிறந்த மாதம்கூடக் கணக்கில் வருகிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வில், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தது தெரியவந்தது. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1ஆம் தேதியை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஜனவரியில் பிறந்த சிறுவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன்.

இதையே சாக்காகவும் ஆக்கிவிடக் கூடாது. மற்றவர்கள் உண்மையிலேயே நன்றாக ஆடியிருக்கலாம். அதை ஒப்புக்கொள்ளும் துணிவு பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உண்டு. பெரும்பாலும் பெற்றோருக்குத்தான் இல்லை. சிலர் அன்று இரவே பயிற்சியாளருக்குப் போன் செய்து சண்டை பிடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிள்ளையை அவமானப்படுத்தினார்கள், பாரபட்சம் காட்டினார்கள் என்றால் பெற்றோர் பேசியே ஆக வேண்டும். மற்றபடி, "அடுத்த தேர்வுக்குள் நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று பிள்ளையே போய்க் கேட்கட்டும். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கோபம் வருவது ஒரே ஒரு பேச்சுக்குத்தான்: "நல்லதாய்ப் போயிற்று, இனி படிப்பில் கவனம் செலுத்து." பிள்ளை தோற்று நிற்கும் நேரம் பார்த்து, அவன் நேசித்ததைப் பறித்துக்கொள்ளும் வேலை அது. பள்ளி வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நல்ல உடல் இயக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. வேறு விளையாட்டு, பக்கத்து மைதானம், ஓட்டம், நீச்சல் என எது கிடைத்தாலும் சரி. அதே ஆட்டத்தில் ஸ்கோர் எழுதுவது, நடுவருக்கு உதவுவது சிலருக்குப் பிடிக்கும். சிலருக்கு அது புண்ணைக் கிளறும். பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். தோழர்களின் முதல் போட்டியைப் பார்க்கப் போவதா என்பதும் அப்படித்தான்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை, எதிலும் ஒட்டவில்லை என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். உயிரோடு இருப்பதே வீண் என்பதுபோல் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

பள்ளிகளிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, எல்லோர் கண் முன்னாலும் ஒரு பிள்ளை தன் பெயரைத் தேடித் தேடி நிற்க விடுவது ஏன்? விடுபட்டவர்களைத் தனித்தனியே அழைத்து, எது போதவில்லை என்று இரண்டு நிமிடம் சொல்லலாமே. முடிந்த பள்ளிகள் இரண்டாவது அணி ஒன்றையும் நடத்த வேண்டும். பரிசுக்கோப்பை எதற்கும் போட்டியிடாவிட்டாலும் பரவாயில்லை. வாரம் இரண்டு மாலை பந்தும் மைதானமும் மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமே கேட்கும் நாம், இந்த முறை இதையும் சேர்த்துக் கேட்போம்.