பன்றிக்கு வைத்த கம்பி

போன மாதம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோது அம்மாவின் மரக்கறித் துண்டின் வேலியோரம் ஒரு கம்பியைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பி. ஒரு முனையைத் தேயிலைத் தூரில் முறுக்கிக் கட்டி, மறுமுனையை வளையமாக்கி, பன்றி நுழையும் பொந்தில் சருகுக்குள் மறைத்திருந்தார்கள். வளையத்துக்குள் கையை விட்டு இலேசாக இழுத்தேன். இறுகிக்கொண்டது. தளர்த்த மற்றக் கையும் பல்லும் தேவைப்பட்டன. மணிக்கட்டில் விழுந்த கோடு பொழுது சாயும்வரை மறையவில்லை.

வைத்தவர் மாமா. இதில் சிறுத்தையும் சிக்குமே என்று கேட்டதற்கு, "நீ கொழும்பில் இருந்துகொண்டு புலிக்கு வக்காலத்து வாங்குகிறாய். விதைக்கிழங்கு இன்றைக்கு என்ன விலை, சொல் பார்ப்போம்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. (தோட்டத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம்.)

அதற்கு முந்தைய வாரம் ஒரே இரவில் நான்கு பாத்தி உருளைக்கிழங்கைப் பன்றிகள் கிளறிப் போட்டிருந்தன. தின்றது கொஞ்சம், மிதித்து நாசமாக்கியதுதான் அதிகம். காலையில் அம்மா மண்ணுக்குள் கையை விட்டு, பாதி கடித்த கிழங்குகளைக் கூடைக்குள் பொறுக்கிக்கொண்டிருந்தார், கறிக்காவது ஆகட்டும் என்று.

2020 மே மாதம் மலையகத்தின் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படியொரு கம்பியில் கழுத்து சிக்கி, உடவளவையில் உள்ள காட்டு விலங்கு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சையளித்தும் சில நாட்களில் இறந்தது. அது சிக்கியதும் ஒரு மரக்கறித் தோட்டத்தில்தான். அன்று முகநூல் முழுவதும் தோட்டத்து மக்களுக்கு வசை. எனக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் வசை பாடியவர்களில் எத்தனை பேர் அந்த வாரம் நுவரெலியா கரட்டும் லீக்ஸும் வாங்கியிருப்பார்கள் என்றும் யோசித்தேன். இந்த மலைகளின் காட்டை மொட்டையடித்துக் கோப்பி போட்டவனையும் தேயிலை போட்டவனையும் யாரும் காட்டுமிராண்டி என்றதில்லை. அவர்கள் பெயரில் இன்றும் தோட்டங்கள் இருக்கின்றன.

2022இல் உணவு தட்டுப்பட்டபோது அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்துப் பயிர் செய்யச் சொன்னது அரசாங்கம். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றியிருந்த சாண் நிலமெல்லாம் கொத்தப்பட்டது அந்த வருடம்தான். பயிர் செய்யச் சொல்ல ஆள் இருந்தது. பன்றி வந்தால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. நட்டஈடு கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அம்மாவோடு போனேன். காணி உறுதி கேட்டார்கள். தோட்டத்து நிலத்தில் நடுகிறவளிடம் உறுதி ஏது?

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் பயிர் தின்னும் விலங்குகளை எண்ணினார்களே, அந்த நேரத்தில் எங்கள் பன்றிகள் உயரமாக வளரும் மானாப்புல்லுக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

அந்த மானாதான் விஷயம். துப்புரவு செய்யாமல் விட்ட தேயிலை மலைகள் பற்றைக்காடாகி, பன்றிக்கு வீடாகிவிட்டன. பகலில் அங்கே படுத்து இரவில் பாத்திக்கு வருகின்றன. அவற்றைப் பிடித்துத் தின்னக்கூடிய ஒரே பெரிய விலங்கு சிறுத்தை. கம்பிக்கோ ஆள் தெரியாது. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை செத்தால் அடுத்த போகத்தில் பன்றிதான் பெருகும். இதை மாமாவிடம் சொன்னேன். "சிறுத்தை வந்து என் கிழங்கைக் காக்கும்வரை நான் என்ன சாப்பிடுவது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. கம்பி வைத்ததுதான் தப்பு, அதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

வீட்டுக்கொரு வேலி கட்ட எங்களால் முடியாது. லயத்துத் துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுற்றாகக் கம்பிவலை அடிக்கலாம். அடியை ஒரு முழமாவது மண்ணுக்குள் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் பன்றி கிண்டி நுழைந்துவிடும். அந்தச் செலவைத் தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் ஏற்கட்டும். மானாவை வெட்டும் பொறுப்பு நிர்வாகத்துக்கே. நட்டஈட்டுக்கு உறுதி கேட்காமல், துண்டில் நடுகிறவர் யார் என்று கிராம உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஆக்கட்டும். சிறுத்தை இந்த நாட்டின் சொத்து என்றால் அதன் செலவை அம்மாவின் நான்கு பாத்தி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

கம்பியை அன்றே கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். விதைக்கிழங்குக்கு என் சம்பளத்திலிருந்து காசு கொடுத்தேன். எல்லா லயத்திலும் கொழும்பில் சம்பளம் வாங்கும் மகன் இல்லை என்பதும் தெரியும்.

மாமா இன்னும் என்னோடு பேசவில்லை. அம்மா நேற்று தொலைபேசியில் சொன்னார், வேலிப் பொந்து முன்பைவிடப் பெரிதாகியிருக்கிறதாம்.