ஹாஃப் செவன் என்றால் எத்தனை மணி?

வெளிநாட்டு விருந்தினர்களுக்குச் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டும் வேலையில் எனக்கு ஆங்கிலத்தைவிட ஆங்கிலக்காரர் மணி சொல்லும் விதம்தான் பெரிய தலைவலி.

பிரிட்டன்காரர் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. நடுவில் வரவேண்டிய 'பாஸ்ட்'டைப் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். ஜெர்மன்காரர் தன் தாய்மொழிப் பழக்கத்தில் அதையே சொன்னால் ஆறரை. ஏழை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. முழுசாக ஒரு மணி நேர வித்தியாசம்! கானாடுகாத்தான் தெருவில் ஓட்டுநர் காரோடு காத்துக் கிடப்பார், விருந்தினர் அப்போதுதான் குளிக்கப் போவார். வெயில் ஏறுவதற்குள் ஆத்தங்குடி போய் டைல்ஸ் செய்வதைப் பார்க்கும் திட்டம் அத்தோடு போச்சு.

அமெரிக்கர்களில் சிலர் 'குவார்ட்டர் ஆஃப் செவன்' என்பார்கள். கேட்டால் ஏழேகால் மாதிரி இருக்கும். ஆனால் அது ஆறேமுக்கால். அப்புறம் இந்த 'செவனிஷ்', அதாவது ஏழு மணி வாக்கில். சாயங்காலம் ஊர் சுற்றக் கிளம்ப அது போதும், சரி. அதிகாலையில் காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியவர் 'ஃபைவிஷ்' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டால், எங்களுக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஓட்டுநர் தம்பிகள் வாங்கிப் படிக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களோ 'ஹாஃப் பாஸ்ட்', 'குவார்ட்டர் டு' என்று கடிகாரப் படம் போட்டதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஜனங்கள் வாயில் புழங்குவது எதுவும் அதில் இல்லை. கடைசியில் திட்டு வாங்குவது அந்தப் பிள்ளைகள்தான். 'செவன் தர்ட்டி' என்று எண்ணாகவே சொல்லிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லையே, ஐயா!